இறகு கொட்டிய சேவலும் இராசையா அண்ணையும்

அன்று பார்க்கிங் என்கிற எங்கள் ஊரில், அந்த வீட்டுப் பின்வளவில் நின்றவர்கள் மூவர்: வீட்டுக்காரர் இராசையா அண்ணை, அவருக்கு வலப்பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி, இடப்பக்கத்து வீட்டு நான். சேவலையும் சேர்த்தால் நால்வர். அண்ணை சேர்ப்பார். அவர் போய்விட்டார் என்று அவருடைய மகன் சுகந்தன் போன கிழமை போனில் சொன்னபோது, அந்த ஐப்பசி நாள்தான் எனக்கு முன்னால் வந்து நின்றது.

சேவலின் கழுத்தும் முதுகும் வெறுந்தோலாகக் கிடந்தன. வாலில் ஒரே ஒரு இறகு தொங்கியது.

"என்ன அண்ணை, உரிச்சு வச்ச மாதிரி நிக்கிறார்? நேரே சட்டியில போடலாம்" என்றாள் பரமேஸ்வரி.

"நீர் தலைக்கு மை பூசாமல் ஒரு மாதம் இரும் பாப்பம்" என்றார் அண்ணை. பிறகு சேவலை மெல்லத் தூக்கிக் காட்டினார். "வருத்தமெண்டால் தீன் எடுக்காது, கண் சோரும். பூச்சியெண்டால் தோல் புண்ணாகும். உவர் நல்லாத் தின்னுறார். குளிர் வர முன்னம் வருசா வருசம் இறகு மாத்துறவர். முதல் கழுத்து, பிறகு முதுகு, கடைசியா வால். உதில தொட்டுப் பாரும், மெல்லமா. முளைக்கேக்க நோகும்."

அவள் தொட்டாள். "ஓம், முள்ளு முள்ளாக் கிடக்கு" என்றாள். "கூவாமல் நிக்கிறார், அது போதும். நானும் நித்திரை கொள்ளலாம்."

"புது இறகு வர, கூவத் தொடங்கிடுவார்" என்று அண்ணை சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. எனக்கு மறதி கிடையாது.

மனைவி காலமான பிறகு அந்த வீட்டில் அண்ணையோடு பேச யாரும் இல்லை. விடிய சேவல் கூவினால், "ஓம், எழும்பிட்டன்" என்று பதில் சொல்லுவார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். என் வீட்டிலும் வேறு குரல் இல்லை.

அடுத்த கிழமை நெஞ்சுவலி என்று அவரை ஆஸ்பத்திரியில் மறித்து வைத்தார்கள். நான் கோலியர்ஸ் வுட்டில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கூடு வெறுமையாகக் கிடந்தது. டாக்ஸி ஓடுகிற சுகந்தனுக்குக் கோழியைப் பற்றி என்ன தெரியும்? யாரோ ஒரு ஆளைப் பிடித்து, சேவலின் கழுத்தைத் திருகிப் புதைக்கச் செய்துவிட்டான்.

வீட்டுக்கு வந்த அண்ணை மகனை ஏசவில்லை. கூட்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "இப்ப வால் முளைச்சிருக்கும், பிள்ளை" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகும் விடிய அந்தக் குரல் கேட்டது. கூவாத கூட்டுக்கு, "ஓம், எழும்பிட்டன்." போன கிழமை ஒரு நாள் கேட்கவில்லை. சுகந்தனின் போன் வரமுன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது.

செத்த வீட்டில் அவன் அழுதபடி சொன்னான்: "மாமி, சேவலுக்குத் தொத்து வருத்தம், அப்பாவின்ர நெஞ்சுக்குக் கூடாதெண்டு அன்ரிதான் சொன்னவ." அந்த அன்ரி முன்வரிசையில் இருந்து, "அண்ணைக்குச் சேவலெண்டால் உயிர்" என்று எல்லோருக்கும் கேட்க அழுதுகொண்டிருந்தாள்.

அண்ணையை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன். அவருடைய அந்த ஒரு சொல்லை நான் வைத்துக்கொண்டேன். இப்போது விடிய, சுவரைப் பார்த்து நான்தான் சொல்கிறேன்: "ஓம், எழும்பிட்டன்." அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

சுகந்தனை மன்னித்துவிட்டேன், அவனுக்குத் தெரியாது. தன் விரலால் அந்த முளையைத் தொட்டுப் பார்த்தவளுக்குத் தெரியும். அவளை மன்னிக்க மாட்டேன். அவள் பெயர் பரமேஸ்வரி.