விசா வேணாம்னா சும்மா போலாமா மேடம்?

"விசா வேண்டாம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அப்படியென்றால் வேறு என்னவெல்லாம் வேண்டும் என்று தொண்டை வற்ற விளக்குவதற்குப் பெயர்தான் டிராவல் ஏஜென்சி வேலை.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு மாவு மில். அதன் மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி ஜமால் பாய். கவுன்டரில் நான். கீழே மிளகாய் அரைக்கும் நாட்களில் மேலே மொரீஷியஸுக்கு டிக்கெட் கேட்டு வருபவர் தும்மிக்கொண்டேதான் கேட்பார். செல்போன் எல்லார் கைக்கும் வந்துவிட்ட, ஆனால் இன்டர்நெட்டில் தேடிப் பார்க்கும் பழக்கம் இன்னும் வராத காலம். எந்தச் சந்தேகமானாலும் படியேறி வந்து என்னிடம்தான் கேட்பார்கள். வங்கி, ரயில்வே, கேஸ் ஏஜென்சி என்று எந்தக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவராக இருந்தாலும் சரி, இனி வருவதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவீர்கள். நீங்களும் நம்ம ஆள்தான்.

மரியாதை தெரியாத நாடுகள்

பெருங்களத்தூரில் மனை விற்கும் வேலாயுதம் சார் ஒருநாள் வந்தார். விரலெல்லாம் மோதிரம், கையில் புத்தம்புது பாஸ்போர்ட். "சீக்கிரமா ஒரு ஃபாரின் போடுங்க மேடம்" என்றார், டீ சொல்வது மாதிரி. அவசரம் என்கிறாரே என்று விசா தொல்லை இல்லாத இடங்களாகப் பார்த்துச் சொன்னேன். மாலத்தீவு போகலாம், இறங்கியதும் முத்திரை குத்திவிடுவார்கள். மொரீஷியஸும் அப்படித்தான். நேபாளத்துக்குப் பாஸ்போர்ட்கூட வேண்டாம், வாக்காளர் அட்டை போதும்.

நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் மச்சான் ஏதோ ஒரு பெரிய நாட்டுக்குப் போய்வந்திருக்கிறார். அவருடைய பாஸ்போர்ட்டில் ஒரு பக்கம் முழுக்கப் பளபளவென்று விசா ஒட்டியிருக்கிறதாம். போகிற கல்யாணத்துக்கெல்லாம் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறாராம். இவருக்கு வேண்டியது ஊர் இல்லை, ஸ்டிக்கர். நான் மாலத்தீவுக் கடலைப் பற்றி இன்னும் கொஞ்சம் புகழ்ந்து பார்த்தேன். அவர் பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"யாரு வந்தாலும் சரின்னு கதவைத் தொறந்து வெச்சிருக்கான்னா, உள்ள என்ன மேடம் பெருசா இருக்கப் போவுது?"

ஆறு மாதம்

நம் தொழிலில் ஒரு சாபம் உண்டு. விசா வேண்டாம் என்று சொல்கிற நாடுகூட, பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் ஆறு மாதமாவது இருக்க வேண்டும் என்று சொல்லும். இதை ஒரு மனிதருக்குப் புரியவைத்துவிட்டால் அன்றைக்கு நான் இரண்டு காபி குடிப்பேன். குரோம்பேட்டையில் பால் டிப்போ வைத்திருந்த ஒரு அண்ணாவிடம் மாட்டிக்கொண்ட அன்று ஒரு காபிக்குக்கூட வழியில்லை.

"நான் போறது ஒரு வாரம். பாஸ்போர்ட் அதுக்கப்புறமும் உயிரோட இருக்கு. அப்புறம் என்ன?" என்று கேட்டார். ஒருவேளை திரும்பி வர முடியாமல் அங்கேயே தங்க நேர்ந்தால் என்றேன். "நான் ஏங்க தங்கறேன்? காலைல பால் யாரு இறக்குவா?" என்றார். ஜமால் பாய் உள்ளேயிருந்து வந்து, தன் பங்குக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினார். அண்ணா பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் விக்கிற பால் பாக்கெட்டையே தேதி போட்ட அன்னிக்கு வரைக்கும் குடிக்கலாம் மேடம், இந்த பாஸ்போர்ட்டு என்ன ஆறு மாசம் முன்னாடியே திரிஞ்சிடுமா?"

கூப்பிடுகிறவனும் வளர்த்தவனும்

இரும்புலியூர் மூர்த்தி அண்ணன் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுப்பவர். ஒரு பெயின்ட் கம்பெனி, நிறைய டப்பா வாங்கியவர்களையெல்லாம் பாங்காக் கூட்டிப்போவதாக அறிவித்து, அதில் அவரையும் சேர்த்திருந்தது. அவர் தெருவில் பிளெக்ஸ் பேனரே வைத்துவிட்டார்கள், கூலிங் கிளாஸ் போட்ட அவர் படத்தோடு. அங்கே போய் இறங்கியதும் விமான நிலையத்திலேயே விசா கொடுத்துவிடுவார்கள் என்று நானும் சந்தோஷமாகச் சொன்னேன். பிறகு அவர் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தேன், உள்ளே 'அனுமதி தேவை' என்று ஒரு முத்திரை. பத்தாவது பாஸ் செய்யாதவர்கள் சில நாடுகளுக்குப் போவதென்றால், சும்மா சுற்றிப்பார்க்கப் போனாலும், நம் அரசாங்க அலுவலகம் ஒன்றில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று அப்போது ஒரு விதி இருந்தது. வேலைக்குப் போய் ஏமாறக்கூடாது என்கிற நல்ல எண்ணத்தில் போட்ட விதி. அண்ணன் எட்டாவதோடு பிரஷ்ஷைத் தூக்கியவர்.

அவர் கவுன்டரில் கை ஊன்றி நின்றார். "இன்னா மேடம் பேஜாரா கீது? கூப்புடறவன் வா வான்றான். வளத்தவன் வாசப்படியில நின்னுகினு எங்கடா போறேன்றான்!" பேனர் வைத்தாயிற்று, போகாமல் இருந்தால் இரும்புலியூரில் தலைகாட்ட முடியாது. ஜமால் பாய் அவரைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய், அந்த அலுவலகத்தில் வரிசையில் கூடவே நின்று, அனுமதியை வாங்கிக் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் அண்ணன் எனக்கு ஒரு குட்டி யானை பொம்மை கொண்டுவந்தார். பாங்காக் எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ ரகசியம் சொல்வது போல் சொன்னார்.

"கோயிலுக்கெல்லாம் சூப்பரா பெயின்ட் அடிச்சிகிறான் மேடம், ஆனா நாங்க தங்கின ஓட்டலு வெளிச்செவுத்துல வெடிப்புக்குப் பட்டியே பாக்கல, ரெண்டு மழைக்குத் தாங்காது."

பயணத்தின் நோக்கம்

பீர்க்கன்கரணையிலிருந்து ஒரு புதுக் கல்யாண ஜோடி. பெண் பிரியா, மாப்பிள்ளை சரவணன். மொரீஷியஸ் பேக்கேஜ் மாப்பிள்ளைக்கு மாமனார் கொடுத்த பரிசு என்பதால் அவரும் கூடவே வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டார். விசா வேண்டாம், ஆனால் திரும்பி வரும் டிக்கெட்டையும் ஹோட்டல் புக்கிங்கையும் காட்ட வேண்டும், ஒன்றிரண்டு கேள்விகள் கேட்கலாம் என்றேன். மாமனார் உடனே ஒத்திகை பார்க்கச் சொன்னார். நான் ஆபீசர் ஆனேன். "வாட் இஸ் த பர்பஸ் ஆஃப் யுவர் விசிட்?" என்று கேட்டேன். சரவணன் மாமனாரைப் பார்த்தான். மேஜையைப் பார்த்தான். காது சிவக்க, "ஃபேமிலி ஃபங்ஷன்" என்றான். பிரியா தலையில் அடித்துக்கொண்டாள். அங்கே போய் இப்படிச் சொல்லாதீர்கள், ஹனிமூன் என்றே சொல்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

போய்வந்த பிறகு பிரியா மட்டும் தனியாக மாடியேறி வந்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கே ஆபீசர் கேட்டதும் சரவணன் வாயில் மறுபடியும் "ஃபேமிலி ஃபங்ஷன்" தான் வந்திருக்கிறது. யாருடைய ஃபங்ஷன் என்று அவர் கேட்க, "எங்களோடது" என்றிருக்கிறான். ஃபேமிலி எங்கே என்று கேட்க, "தாம்பரத்துல" என்றிருக்கிறான். ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இனி திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துபோன பிரியா, "ஹனிமூன்! ஹனிமூன்!" என்று கத்தியிருக்கிறாள். வரிசையில் நின்ற மொத்தப் பேரும் கைதட்டியிருக்கிறார்கள்.

"அந்த ஆபீசர் முத்திரையைக் குத்திட்டு, 'கல்யாணம் ஆனது இவருக்குத் தெரியுமா?'ன்னு என்னைக் கேட்டாருக்கா!"

திலகவதி டீச்சரின் வயது

செம்பாக்கம் திலகவதி டீச்சர், பஜனைக் குழுவோடு முக்திநாத் கிளம்பினார். கணவர் இருந்தபோது இருவரும் போவதாகப் பேசி, போகாமலே விட்டுப்போன யாத்திரை. குழுத் தலைவி கோமதியை டீச்சர் வாய் நிறைய "அக்கா, அக்கா" என்று கூப்பிடுவார். நேபாளம்தானே, வாக்காளர் அட்டையைக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். பெயர் அவருடையது. விலாசம் அவருடையது. போட்டோவில் மட்டும் முறுக்கு மீசையோடு ஒருவர் என்னை முறைத்தார். அட்டைக்குப் படம் எடுத்த அன்று வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற பிளம்பராம். "ஓட்டுப் போடும்போது யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார் டீச்சர், பாவமாக. புது அட்டை வாங்கவோ பாஸ்போர்ட் எடுக்கவோ நேரமில்லை. டீச்சர் கண்ணில் தண்ணீர் நின்றது.

எனக்கு ஒரு விதி ஞாபகம் வந்தது. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு வாக்காளர் அட்டை கட்டாயமில்லை. வயதும் போட்டோவும் இருக்கிற வேறு அடையாள அட்டை போதும். "ஆனா உங்களுக்கு இன்னும் அறுபதே ஆகலைன்னு கோமதி மேடம் சொன்னாங்களே" என்றேன். டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஜமால் பாய் மரியாதையாக எழுந்து பால்கனிக்குப் போனார். டீச்சர் என் காதில், "அறுபத்தேழு. வெளிய சொல்லிடாதம்மா" என்றார். ஓய்வூதிய அட்டையில் அழகாகப் போட்டோ இருந்தது, பிறந்த தேதியோடு. அதையே எடுத்துப் போகச் சொன்னேன்.

டெல்லி விமான நிலையத்தில் அந்த அட்டையை வாங்கிப் பார்த்த அதிகாரி நல்ல மனிதர் போலிருக்கிறது. மொத்தக் குழுவும் கேட்க, "சிக்ஸ்டி செவன்? யூ லுக் வெரி யங், மேடம்!" என்று உரக்கப் பாராட்டிவிட்டார். கோமதிக்கு அறுபத்திரண்டுதானாம். அந்த நிமிடத்திலிருந்து குழுவில் எல்லாருக்கும் டீச்சர்தான் அக்கா. ஜன்னல் சீட்டு, வெந்நீர், முதல் தரிசனம் எல்லாம் அவருக்கே. திரும்பி வந்தவர் எனக்குப் பிரசாதம் கொடுத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"முக்திநாத்துல நூத்தியெட்டுத் தீர்த்தத்துலயும் நனைஞ்சேன்மா, ஆனா பொய்யெல்லாம் டெல்லி ஏர்போர்ட்லயே கரைஞ்சி போச்சு."

முதலாளி போனார்

ஊரையே ஏற்றி அனுப்பிய ஜமால் பாய், தான் மட்டும் ஒரு நாட்டுக்கும் போனதில்லை. கொழும்பில் கட்டிக்கொடுத்த தங்கையின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் போகாமல் முடியாது. இலங்கைக்கு விசா வேண்டாம், இறங்கினால் முத்திரை என்று இதே பாய் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! தனக்கென்று வந்ததும் நடுங்கிவிட்டார். கல்யாணப் பத்திரிகை, வீட்டு வரி ரசீது, கடை லைசென்ஸ், ரேஷன் கார்டு, கண் ஆபரேஷன் செய்த ரிப்போர்ட் எல்லாம் ஒரு பையில். "ரேஷன் கார்டு எதுக்கு பாய்?" என்றேன். "கேட்டா என்ன பண்றது?" என்றார்.

அங்கே இறங்கியதிலிருந்து போன் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. குரல் அடிபட்ட மாதிரி இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்களா, கல்யாணம் போச்சா என்று அடுக்கிக் கேட்டேன். விஷயம் வேறு. அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்திவிட்டார். பாய் நகரவில்லை. பையைத் திறந்து ரேஷன் கார்டை நீட்டியிருக்கிறார். "இது வேண்டாம், நீங்கள் போகலாம்" என்று அவர் தமிழிலேயே சொல்லியும் நம்பாமல், வீட்டு வரி ரசீதை எடுத்திருக்கிறார். கடைசியில் பின்னால் நின்றவர்கள்தான் அவரை முன்னால் தள்ளியிருக்கிறார்கள்.

"ஒண்ணுமே கேக்காம உட்டுட்டாம்மா, இவ்ளோ நாளா நாம சொன்னது நெசந்தான் போல!"

விசா கேட்காமல் உள்ளே விடுகிற நாடுகள் உலகத்தில் எத்தனையோ உண்டு, ஆனால் அந்த விஷயத்தைச் சொன்னதும் சரியென்று நம்பிக் கிளம்பிய ஒரு மனிதரைக்கூடத் தாம்பரத்தில் நான் பார்த்ததில்லை.