நலங்குக்கு முந்தின நாள் பூசிய வெள்ளை

1. பன்னிரண்டு மணி போன்

"அக்கா, வெள்ளையெல்லாம் மஞ்சளாயிடுச்சுக்கா. சீக்கிரம் வாங்கக்கா."

மத்தியானம் போனில் அழுதது கலைச்செல்வி. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவளுக்கு ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். முந்தின நாள்தான் வில்லியனூர் பக்கம் அவள் ஊருக்குப் போய், பத்து விரலுக்கும் வெள்ளையும் மெரூனுமாக இரண்டு கலர் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

மதகடிப்பட்டில் என் வீட்டு முன்னறையில் பதினெட்டு வருஷமாகப் பார்லர் நடத்துகிறேன். கூப்பிட்டால் வீட்டுக்கும் போவேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பெண்கள் என்னிடம் டிசைன் கேட்கிறார்கள். டிசைனெல்லாம் உங்கள் போனிலேயே கொட்டிக் கிடக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

அன்று போனை வைத்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ, மறுபடியும் பஸ் ஏறணுமா என்றுதான். அந்தப் பெண் அழுதது அதற்கு அப்புறம்தான் உறைத்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

2. கேட்காமல் விட்ட கேள்வி

கலைச்செல்விக்குத் திருபுவனையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. தின்பண்டம் பேக் பண்ணுகிற இடம் என்பதால் வளையல் கூடாது, நகம் வளரக் கூடாது, பாலிஷ் கூடவே கூடாது. ஷிப்டுக்கு உள்ளே நுழையும்போது வாசலில் இரண்டு கையையும் நீட்டிக் காட்ட வேண்டும். ஆறு வருஷமாகக் காட்டிக்கொண்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு எட்டு நாள் லீவு.

"எட்டு நாளாவது இது என் கையா இருக்கட்டும்கா," என்றாள், முந்தின நாள் நான் போனபோது. "பொடவ மெரூன். ஜாக்கெட்டுல வெள்ள முத்து. அதே ரெண்டு கலரு போடுங்க."

நகம் ஒட்ட வெட்டியிருந்தது. குட்டை நகத்துக்குக் கோடு சாய்வாகப் போனால் கொஞ்சம் நீளமாகத் தெரியும். முதலில் அடிப்பூச்சாக பேஸ் கோட். அதன்மேல் நகம் முழுக்க வெள்ளை, இரண்டு தடவை. அது நன்றாகக் காய வேண்டும். அவசரப்பட்டால் அடுத்து ஒட்டுகிற டேப் வெள்ளையைப் பிய்த்துக்கொண்டு வரும். டேப்பை மெல்லிசாக வெட்டி, நம் புறங்கையில் ஒரு தரம் ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொண்டு, நகத்தின் குறுக்கே சாய்வாக ஒட்ட வேண்டும். டேப்புக்கு மேல்பக்கம் மெரூன். ஈரம் இருக்கும்போதே டேப்பை உரிக்க வேண்டும். கடைசியில் டாப் கோட். இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. குனிந்தே உட்கார இடுப்பு வேண்டும், அவ்வளவுதான்.

அன்று எனக்கு அது மூன்றாவது வீடு. முகூர்த்த வாரம். தரையில் உட்கார்ந்தால் முட்டி மடங்குகிறது, எழுந்திருக்கும்போதுதான் உயிர் போகிறது. அவள் அப்போதே கேட்டாள், "நாளைக்கு மத்தியானமா வர்றீங்களாக்கா?" என்று.

"இன்னிக்கே போட்டுட்டா நல்லா காஞ்சு நிக்கும்மா," என்றேன்.

பச்சைப் பொய். இன்னொரு தரம் பஸ் மாறி, ஷேர் ஆட்டோ பிடித்து வர என்னால் முடியாது. அதுதான் காரணம். கல்யாண வீட்டில் காலை வைத்ததும் "நலங்கு எப்போ?" என்று கேட்பது என் வழக்கம். நலங்கில் உறவுக்காரப் பெண்கள் கையிலும் காலிலும் மஞ்சளை அள்ளிப் பூசுவார்கள், வெள்ளை பாலிஷ் அதற்கு நிற்காது. அன்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடுமே.

3. மூட்டை கட்டிய அத்தை

காலையிலேயே நலங்கு முடிந்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் பெரிய சண்டை. கலைச்செல்விக்கு அப்பா இல்லை. தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியது அத்தையும் அத்தை புருஷனும்தான். அந்த அத்தை பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"நகத்துல இன்னாத்துக்கு அண்ணி அப்புனீங்க? ஆசையா போட்டுக்கினா புள்ள," என்று கத்தினார் கலைச்செல்வியின் அம்மா.

"நலங்குன்னா மஞ்சதான் பூசுவாங்க. பின்ன பவுடரா பூசுவாங்க? என் தம்பி பொண்ணுக்கு நான் பூசக் கூடாதா? நான் கெளம்புறேன், வேற ஆள வச்சுத் தாரை வாத்துக்கோங்க."

கலைச்செல்வி கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா என்னிடம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க பார்லரம்மா. இவங்க அப்புனதாலதான இப்புடி ஆச்சு?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் பெயர் பத்திரமாக இருக்கும். யாருக்கும் தெரியப் போவதில்லை. யோசிக்கவே இல்லை என்று பெருமையடிக்க மாட்டேன். யோசித்தேன். அத்தை பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். அது பாதியில் மாட்டிக்கொண்டது.

"அவங்க மேல தப்பு இல்லம்மா," என்றேன். "நலங்கு முடிஞ்சுதான் வெள்ளை போடணும். எனக்கு நல்லாத் தெரியும். முட்டி வலி, திரும்பி வர முடியாதுன்னு நேத்தே போட்டுட்டேன். நிக்கும்னு சொன்னது பொய்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தைதான் பையைக் கீழே வைத்தார்.

"வலிக்குதுன்னா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? எங்க வூட்டுக்காரரு வண்டியில வந்து இட்டாந்திருப்பாரே. யாருனா அந்தம்மாவுக்குச் சேர் போடுங்கடி."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"மஞ்சதான, நல்லதுதான, அப்புடியே வுடலாம்ல?" என்றும் அவர் கேட்டார். கலைச்செல்வி தலை குனிந்துகொண்டாள். "வுடக் கூடாதும்மா, அவ கேட்டது வெள்ள," என்றேன். ரிமூவரால் மேலாகத் துடைத்துப் பார்த்தேன், மெரூன் கரைந்து வெள்ளையில் இறங்கியது. பத்து நகத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். காயும்வரை அத்தை கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டே பக்கத்தில் நின்றார், ஒருத்தரையும் கிட்டே விடவில்லை.

4. எட்டாம் நாள்

ஞாயிற்றுக்கிழமை கலைச்செல்வி என் வீட்டுக்கு வந்தாள். திங்கட்கிழமை டூட்டி. கேட்காமலேயே இரண்டு கையையும் நீட்டினாள், கம்பெனி வாசலில் நீட்டுவது போலவே. பழக்கம்.

"அழிச்சிடுங்கக்கா."

பஞ்சில் ரிமூவரை நனைத்துத் துடைத்தேன். அவ்வளவு நேரம் எடுத்துப் போட்டது, துடைக்கக் கால் மணி நேரம் ஆகவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவள் வெறும் நகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கா, கால்ல போட்டா இன்னா? ஷூவுக்குள்ள யாரு பாக்கப் போறா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரையில் உட்காரப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்களுக்குத்தான் முட்டி வலியாச்சே. மேலயே உக்காந்து சொல்லுங்க, நானே போட்டுக்கறேன்."

சேரில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். இடது கால் கட்டைவிரலில் கோடு கோணிப் போனது. அதை அப்படியே விட்டுவிட்டாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கல்யாண வீட்டில் முதலில் நலங்கு எப்போது என்று கேளுங்கள். உடம்புக்கு முடியாத நாளில் முடியவில்லை என்று சொல்லுங்கள். பதினெட்டு வருஷத்தில் நான் அதைச் சொன்னது ஒரே ஒரு நாள்தான், அதுவும் மாட்டிக்கொண்ட பிறகு.

திங்கட்கிழமை காலை அவள் வாசலில் வெறும் கையை நீட்டியிருப்பாள். ஷூவைக் கழற்று என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.