அடுத்தது குடை

அறிக்கை ஒரே ஒரு தாள்தான். வேலூரில் ஒரு மருத்துவமனையின் வராந்தாவில் நின்றபடியே படித்தேன். மேலே என் மகளின் பெயர், வயது நான்கரை. நடுவில் சில எண்கள். கடைசி வரியில் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள். லேசான அறிவுத்திறன் குறைபாடு என்று அதற்குப் பொருள். நான் பி.காம். படித்தவள். மூன்று சொற்களும் தெரிந்தவைதான். ஆனாலும் வேறு யாருடைய தாளோ மாறி வந்துவிட்டது என்று நினைத்து, மேலே இருந்த பெயரை மறுபடியும் மறுபடியும் பார்த்தேன்.

சோதனைக்கு அனுப்பியது எல்.கே.ஜி. ஆசிரியை. “கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்குது மேடம். ஒருதடவ காட்டிட்டு வாங்க” என்றார். ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகுதான் ஜூன் மாதம் யு.கே.ஜி.யில் உட்கார வைப்பதா, சிறப்புப் பள்ளிக்கு அனுப்பச் சொல்வதா என்று முடிவெடுப்போம் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார்.

சோதனை நடந்த அன்று நானும் அதே அறையில்தான் இருந்தேன். சோதித்தது ஓர் இளம் பெண். பேச்சைக் கேட்டால் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்தது. ஆரம்பிக்கும்போதே என்னிடம் சொல்லிவிட்டார்.

“அம்மா, நீங்க பின்னாடி உக்காந்துக்கிடுங்க. பேசக் கூடாது. கண்ணால கூடச் சொல்லக் கூடாது.”

சொன்னபடி செய்தேன். சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் காது முழுக்கவும், அவ்வப்போது ஓரக்கண்ணும் மேசைமேல்தான் இருந்தன. படப் புத்தகத்தில் ஒரு ஷூ வந்தது. இது என்ன என்று அந்தப் பெண் கேட்டார்.

“அப்பர்” என்றாள் மகள்.

அந்தப் பெண் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு தாளில் ஏதோ குறித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

நாங்கள் இருப்பது ஆம்பூரில். எங்கள் தெருவில் ஐந்தாறு வீடுகளில் பெண்கள் கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும் அப்பர்களைக் கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். அப்பர் என்பது ஷூவின் மேல்பாகம். அடிப்பாகத்தைப் பிறகு கம்பெனியில் ஒட்டுவார்கள். என் மகள் அந்த மூட்டைகளுக்கு நடுவில் விளையாடுகிறவள். அடிப்பாகம் ஒட்டிய முழு ஷூவை அவள் பார்த்ததைவிட அப்பரைப் பார்த்ததுதான் அதிகம். அது தவறான பதில் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. பேசக் கூடாது என்றார்களே என்று விழுங்கிவிட்டேன்.

அடுத்து இரண்டு தட்டுகளில் பழங்கள். “எதுல பழம் குறைவா இருக்கு?” மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கம்மி, ஜாஸ்தி என்றுதான் பேசுவோம். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவின் உருதுவிலிருந்து வந்த சொற்களா, எங்கள் வீட்டிலேயே இருந்தவையா தெரியாது. குறைவு என்ற சொல்லை அவள் அதற்கு முன் கேட்டிருப்பாளா என்பதே சந்தேகம். அதற்கும் ஏதோ குறித்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் தாளைக் கொடுத்தேன். அவர் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் சூப்பர்வைசர். நின்றபடியே படித்தார்.

“இன்னா இது? எவ்ளோ நேரம் பாத்தாங்க?”

“ஒரு மணி நேரம்.”

“நாங்க ஒரு தோலுக்குத் தடிமன் பாக்கணும்னாலே முதுகுல ஒரு எடம், வயித்துல ஒரு எடம்னு அஞ்சாறு எடத்துல கேஜ் வெச்சுப் பாப்போம். ஒரே எடத்துல வெச்சுட்டு மொத்தத் தோலும் கழிவுன்னு தள்ளிட மாட்டோம்.”

“தோலும் பாப்பாவும் ஒண்ணாங்க?”

“அதத்தான் நானும் சொல்றேன். தோலுக்கே அப்படி.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் தனியாகப் பேருந்து ஏறி மருத்துவமனைக்குப் போனேன். அப்பரையும் கம்மியையும் பற்றிச் சொன்னேன். அங்கிருந்தவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். ஒன்றரை மாதம் கழித்து வரச் சொன்னார்கள். வேறொருவர் திரும்பவும் சோதித்துப் பார்ப்பார் என்றார்கள்.

அந்த ஒன்றரை மாதம் நான் என்ன செய்தேன் என்பதை எழுத இப்போதும் கை கூசுகிறது. செய்யும்போது கூசவில்லை. கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் டியூஷன் எடுத்தவள் நான். பிள்ளை மதிப்பெண் குறைவாக எடுத்தால் சொல்லிக் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காலண்டரைப் பார்த்தபடி காதால் வாங்கியது எல்லாமே நினைவில் இருந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பக்கத்துக்கு ஒரு படமாக வரைந்தேன். சாவி, கோழி, ஷூ, குடை, ஏணி. நிறக் கட்டைகளை அடுக்கச் சொன்னார்களே என்று தீப்பெட்டிகளில் சிவப்புத் தாள் ஒட்டினேன். பள்ளி விட்டு வந்ததும் பாலைக் கொடுத்துவிட்டு உட்கார வைப்பேன்.

“இது இன்னா?”

“அப்பர்.”

“அப்பர்னு சொல்லாத. ஷூன்னு சொல்லு.”

“ஜரினா ஆன்ட்டி அப்பர்னுதான் சொல்றாங்க” என்று பக்கத்து வீட்டு அக்காவை இழுப்பாள்.

“ஆன்ட்டி வீட்ல அப்பர். ஆஸ்பத்திரில ஷூ.”

பத்தே நாளில் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே சொல்லத் தொடங்கிவிட்டாள். என் மகளுக்கு ஒரு குறையும் இல்லை என்று அழுதேன். நிம்மதியில் வந்த அழுகைதான்.

இரண்டாவது முறை சோதித்தவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண். எங்கள் பக்கத்துப் பேச்சு. மகள் சாவி, கோழி, ஷூ என்று கடகடவென்று சொன்னாள். எனக்கு மனம் குளிர்ந்தது. ஷூ படம் இன்னும் மேசைமேல் இருக்கும்போதே, அவர் பக்கத்தின் ஓரத்தில் விரல் வைப்பதற்குள், மகள் சொன்னாள்.

“அடுத்தது குடை.”

அவர் கை நின்றது. பென்சிலைக் கீழே வைத்தார்.

“அடுத்தது குடைன்னு உனக்கு யாரும்மா சொன்னது?”

“அம்மா நோட்ல ஷூவுக்கு அப்புறம் குடை” என்றாள் மகள் பெருமையாக. “அப்புறம் ஏணி. சொல்லட்டா?”

என் காதுமடல் இரண்டும் எரிந்தன. பரீட்சையில் பிட்டு அடித்துப் பிடிபட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் நான் அப்படி நின்றதில்லை. அவர் புத்தகத்தை மூடினார். அன்று கூட வந்து வெளியே உட்கார்ந்திருந்த கணவரிடம் மகளை அனுப்பிவிட்டு என்னை எதிரில் உட்காரச் சொன்னார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“இவ்ளோ சீக்கிரம் இதே டெஸ்ட்ட மறுபடி வெச்சிருக்கக் கூடாது. அது எங்க தப்பு” என்றார். “மொதல் தடவ வந்த நம்பரையும் நான் நம்ப மாட்டேன். பாப்பா பேசுற தமிழ் வேற, நாங்க கேட்ட தமிழ் வேற. இன்னிக்கு வர்ற நம்பரையும் நம்ப முடியாது. நீங்க நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க.”

“அப்போ பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லன்னு வெச்சுக்கலாமா மேடம்?”

“அது தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தக் கேள்விய வெச்சு இனிமே ஒரு வருஷத்துக்குக் கண்டுபிடிக்க முடியாது.”

முதல் அறிக்கையைப் படித்தபோது வந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அன்று கையில் ஒரு பதில் இருந்தது, தவறானது என்று சண்டை போடலாம். இன்று பதிலே இல்லை. அவளுக்கு உண்மையிலேயே ஏதாவது உதவி தேவைப்பட்டால்? அதைக் காட்டியிருக்கக் கூடிய ஒன்றை, தீப்பெட்டிக்குச் சிவப்புத் தாள் ஒட்டி நானே கெடுத்துவிட்டேன்.

இன்னொரு வழி இருக்கிறது என்றார். வீட்டில் அன்றாடம் அவள் என்னென்ன செய்கிறாள் என்று அம்மாவைக் கேட்டுக் குறித்துக்கொள்வார்களாம். இதில் சரி, தவறு என்று எதுவும் இல்லை, பார்த்ததை மட்டும் சொன்னால் போதும் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாததா?

“சட்டை பட்டன் தானா போடுமா?”

“போடும் மேடம்.”

“போட்டு நீங்க பாத்திருக்கீங்களா?”

யோசித்தேன். ஸ்கூல் வேன் ஏழே முக்காலுக்கு வந்துவிடும். பட்டன் போடுவது நான்தான்.

“இல்ல.”

“தானா சாப்பிடுமா?”

“நான்தான் ஊட்டுவேன். விட்டா சாப்பிடாது.”

“விட்டுப் பாத்தீங்களா?”

“இல்ல.”

“செருப்பு மாட்டுமா, தண்ணி ஊத்திக் குடிக்குமா, பக்கத்து வீட்ல போய் ஒரு பொருள் வாங்கிட்டு வருமா?”

ஒவ்வொன்றுக்கும் தெரியாது, தெரியாது என்றேன். “தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க, பரவால்ல, அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு” என்றார். அந்தக் கட்டத்தில் அவருடைய பென்சில் போட்ட டிக்குகள் வரிசையாக இறங்கிக்கொண்டே போயின. நான்கரை வருடம் ஒரு நொடி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டதாக நினைத்தவள் நான். அவளால் என்ன முடியும் என்று ஒரு முறைகூடக் காத்திருந்து பார்க்கவில்லை.

பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றார். முதல் அறிக்கையை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம், ஒரு வருடம் யு.கே.ஜி.யிலேயே இருக்கட்டும் என்று எழுதுவாராம். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் கணவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள் காகிதத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு தக்காளி சாதம் தின்றுகொண்டிருந்தாள். இடது கையால் பொட்டலத்தைப் பிடித்து, வலது கையால் சின்னச் சின்னக் கவளமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மடியில் பருக்கைகள் கொஞ்சம்தான் சிந்தியிருந்தன.

“தானா தின்னுதா?” என்றேன்.

“ஆமா. இன்னா இப்போ?”

“எப்போலேர்ந்து?”

“எப்பவும்தான். ஞாயித்துக்கெழமை நீ மார்க்கெட் போனா நாங்க ரெண்டு பேரும் தின்னுட்டு, அவளே தட்டக் கொண்டுபோய் கழுவுற தொட்டில போட்டுடுவா. நீ வந்தா மட்டும் வாயத் தெறந்துக்குனு உக்காந்துக்குவா.”

“ஏங்க எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கலியே.”

பென்சில் கட்டங்களில் பாதியாவது இவருக்குத் தெரிந்திருக்கும். இவரை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய்த் தெரியாது, தெரியாது என்று சொல்லி வந்திருக்கிறேன். நான் சொன்னதை அந்த மேடமும் அப்படியே குறித்துக்கொண்டார்.

“எழுந்திரிங்க” என்றேன். “உள்ள வாங்க.”

“நான் எதுக்கு? டெஸ்ட் உனக்கா எனக்கா?”

“உங்களுக்குத்தான்.”

மகளின் வாயைத் துடைக்கப் போன கையை இழுத்துக்கொண்டு, மூடியிருந்த கதவைத் தட்டினேன்.