நரேலாவுக்கு நான் எழுதிய சரித்திரம்

டில்லி ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பை இடிக்கப் போகிறார்கள் என்பது உறுதியானதும் சுவரில் இரண்டு பட்டியல்கள் ஒட்டினார்கள். இரண்டும் இந்தியில். ஒன்றின் தலைப்பு 'பாத்ர', மற்றது 'அபாத்ர'. தகுதி உள்ளவர்கள், இல்லாதவர்கள். உள்ளவர்களுக்கு நகரத்தின் வடக்கு ஓரத்தில், நரேலாவில் ஃப்ளாட், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. நான் வாய்விட்டுப் படித்ததும் அம்மா கேட்டாள்.

"பாத்திரமா? பாத்திரம் கழுவுறவங்களுக்குத் தனி லிஸ்ட்டா போட்டுருக்கான்?"

அம்மா ஜங்புராவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அவள் பெயர் முதல் பட்டியலில் இருந்தது. அதே வேலை செய்யும் பக்கத்து வீட்டு அத்தையின் பெயர் இல்லை.

"ஏன், என் பாத்திரத்துல மட்டும் ஓட்டையா?" என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளி. அதனால் கேம்ப்பில் வயதான மாமா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஊர்னா ஒரு சரித்திரம் இருக்கும்ல. நரேலாவப் போய்ப் பாத்து தமிழ்ல எழுதிட்டு வந்து படி. போலாமா வேணாமான்னு ஜனங்க முடிவு பண்ணட்டும்."

சம்மதம் எழுதிக் கொடுக்க ஒரு வாரம்தான் இருந்தது.

மூன்று பஸ் மாறிப் போனேன். ரயில் நிலையம், கோதுமையும் நெல்லும் வந்து குவியும் பழைய மண்டி, வாசலில் எருமை கட்டிய வீடுகள். அவற்றைத் தாண்டி வரிசை வரிசையாக ஃப்ளாட்டுகள், நான் பார்த்தவரை பல பூட்டிக் கிடந்தன. டீக்கடைக்காரரிடம் ஊரின் சரித்திரத்தைக் கேட்டேன்.

"பெஹலே கேத் தா, அப் ஃப்ளாட் ஹை," என்றார். முன்பு வயல், இப்போது ஃப்ளாட். அவ்வளவுதான் என்பதுபோல டீயை நீட்டினார்.

அதை இழுத்து இரண்டு பக்கம் எழுதினேன். மண்டி, ரயில், தாழ்ப்பாள் வைத்த கதவு, வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். கடைசியாக ஒரு வரி: 'ஜங்புராவுக்குப் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். காலை ஆறு மணி வேலைக்குப் போய்ச் சேர முடியாது.' எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் படித்தால் ஒரு பெண்ணும் சம்மதிக்க மாட்டாள். சம்மதிக்காவிட்டாலும் கேம்ப் இடியத்தான் போகிறது, கிடைக்கிற நாலு சுவரும் போய்விடும். அந்த வரியைப் பேனாவால் அடித்தேன்.

மாலையில் எல்லோர் முன்பும் படித்தேன். அம்மா மட்டும் கேட்டாள்.

"அங்கருந்து நான் வேலை பாக்குற வீடுங்களுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"பஸ் இருக்கும்மா."

நான் படித்தவன் என்பதால் அவள் மறுபடி கேட்கவில்லை. மையில் பெருவிரலைத் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினாள். அங்கிருந்தே வேலைக்குப் போய்வரலாம் என்று நாலு வீட்டில் ஒன்றைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் நரேலாவுக்கு வந்தாள். நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் முதல் வாரத்திலேயே நாலும் போயின. யார் யாரோ அந்த வேலைக்கு வந்துவிட்டார்கள். அத்தை ஜங்புரா பக்கமே ஓர் அறையில் ஒண்டிக்கொண்டு, இருக்கிற வீடுகள் போதாமல் இன்னும் வேலை தேடுகிறாள்.

நாங்கள் நாலாவது மாடியில் இருக்கிறோம். எங்கள் தளத்தில் எட்டுக் கதவு, ஆறு பூட்டு. அம்மா தேய்த்த தட்டையே திரும்பவும் எடுத்துத் தேய்க்கிறாள். "பாத்ரன்னு எழுதுனானுங்க. தேய்க்க இங்க ஒரு பாத்திரம் இல்ல."

போன ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துப் படிக்கச் சொன்னாள். இந்த முறை அடித்த வரியையும் சேர்த்துப் படித்தேன்.

"இது அன்னைக்கு வரலையே."

"எழுதிட்டு அடிச்சிட்டேம்மா."

தேய்த்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"படிச்சிருந்தாலும் ரேகை வெச்சிருப்பேன்டா," என்றாள். "நாலு வீட்டையும் அத்தைக்குச் சொல்லிக் குடுத்துட்டு வந்திருப்பேன்."