கிணற்றுப் பொந்தில் மைனாக் குஞ்சுகள்

கிணற்றுக்குள்ளிருந்து மைனாக் குஞ்சுகள் கத்தினால், அந்தக் கீச்சொலி கற்சுவரில் மோதிப் பெருகி, நூறு குஞ்சுகள் கத்துவதுபோல மேலே வரும். எனக்கு ஒன்பது வயதாயிருந்த ஒரு வைகாசியில், ராசிபுரத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்துக் கிணறு வற்றிப்போக, அடிப்பாறையை வெடி வைத்து ஆழப்படுத்த அப்பா ஆள் அழைத்து வந்திருந்தார். கருமருந்து கெட்டித்தாயிற்று, திரிக்கு நெருப்பு வைக்க வேண்டியதுதான் பாக்கி என்றிருந்தபோது அம்மா ஓடி வந்தாள்.

"ஏனுங்க, பொறுங்க. பொந்துக்குள்ள குஞ்சு கெடக்குதுங்க."

"மனுசனுக்கே குடிக்கத் தண்ணியக் காணோம். மைனாவுக்கு நாள் பாக்கச் சொல்றியா?" என்றார் அப்பா.

பொந்து இருந்தது படியில்லாத பக்கத்துச் சுவரில். அம்மா, மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கும் வடக்கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். பிறந்து பதினாறே நாளான என் தம்பியை மாசியில்தான் புதைத்திருந்தோம். அதன் பிறகு அவள் வாய் திறந்து கேட்ட முதல் காரியம் இதுதான். அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வெடிக்காரரோடு சேர்ந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

மைனா தன் கூட்டில் வைக்கோல், கந்தல், கோழி இறகு என்று அகப்பட்டதையெல்லாம் திணித்து வைக்கும். பாம்புச் சட்டையைக்கூட விடாது. அது அம்மாவுக்குத் தெரியாது. பொந்துக்குள் விட்ட கையில் அந்த வழுவழுப்பு பட்டதும் அவள் உடம்பு விறைத்ததை மேலிருந்து கண்டேன்.

"ஏறிரு சாமி, ஏறிரு!" என்று அப்பா கத்தினார். பிள்ளைகளைக் கொஞ்சும் அந்தச் சொல்லால் அம்மாவை அவர் அழைத்து நான் கேட்டதேயில்லை.

அவள் கையை எடுக்கவில்லை. உரித்துப்போட்ட வெறும் சட்டைதான் என்று தெரிந்ததும், ஒவ்வொன்றாக நான்கு குஞ்சுகளை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு மேலே வந்தாள்.

அவற்றைக் கூடையில் வைத்து வேப்பங்கிளையில் கட்டினோம். வெடிச் சத்தத்துக்குப் பறந்தோடிய பெரிய மைனாக்கள் உச்சி சாய்ந்தும் திரும்பவில்லை. குஞ்சுகளுக்கு ஊட்ட நான் களியை உருட்டிக்கொண்டு போனேன். "நீ கிட்டப் போனா அதுக வராது சாமி" என்று அம்மா தடுத்துவிட்டாள். பொழுது இறங்கும் நேரத்தில் ஒன்று வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு வந்து, கூடை விளிம்பில் நெடுநேரம் தயங்கி உட்கார்ந்திருந்து, பிறகு உள்ளே குனிந்தது. அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா அருகில் போய் நின்றார்.

ஒரு குஞ்சு மறுநாள் செத்தது. மூன்று பறந்து போயின. ஊற்று கிடைக்க இன்னும் ஆறேழு வெடி வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அப்பாவே முதலில் இறங்கிச் சுவரெல்லாம் துழாவிப் பார்த்தார்.

இருவரும் போய் வெகுகாலமாகிறது. கிணற்றையும் மூடி, அதன்மேல் வீடு கட்டிவிட்டார்கள். தண்ணீர் இப்போது குழாய்க் கிணற்றிலிருந்து வருகிறது. ஒரு சாண் அகலத் துளை. அதற்குள் எதுவும் கூடு கட்டாது.