அப்பா நின்ற புள்ளிகள்

எனக்கும் கணக்குக்கும் ஆகாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சந்தோஷமாகப் பிரிந்துவிட்டோம். ஆனாலும் கம்ப்யூட்டரில் ஒரு கோட்டைப் போட்டு, அதில் ஒரு புள்ளியைத் தொட்டு, அது எங்கே நிற்கிறது என்று சொல்ல எனக்குத் தெரியும். என் படிப்பில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

அப்பா தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போய்வந்தார். வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிப் போவார்கள். எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு: கடலுக்குப் போகிறவரிடம் எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அது கடல் காதில் விழுந்துவிடுமாம். அதனால் அம்மா தேதியைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். "இன்னிக்கு எங்கன நிக்காவ?" என்று மட்டும் கேட்பாள்.

பதில் சொல்லும் பொறுப்பு அக்காவுக்கு. பிளஸ் டூ படித்தாள். பள்ளியில் லேப்டாப் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் தோணி முதலாளியின் ஆபீசுக்கு போன் போட்டு, வயர்லெஸ்ஸில் வந்த இரண்டு எண்களைக் கேட்பாள். கணக்குப் பாடத்துக்கு வரைபடம் போடும் சாஃப்ட்வேரில் அவற்றை அடிப்பாள். வெள்ளைக் கட்டங்களுக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி விழும்.

"ஏலே, குறுக்க ஓடுறது எக்ஸு, மேல போறது ஒய்யி. இது அப்பா. அந்தச் செவப்பு நம்ம வீடு."

"அப்பா ஏன்க்கா இம்புட்டுச் சின்னதா இருக்காவ?"

"ஒன் மூளைய விடப் பெருசுதாம்ல."

புள்ளிகள் ஒழுங்காக விழாது. காற்றும் நீரோட்டமும் இழுத்த இழுப்புக்கு, கோழி கிளறின மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும். வீட்டுக்கும் அப்பாவுக்கும் நடுவில் விரலை வைத்து அளப்பேன். தூரம் குறைந்திருந்தால் அன்றைக்குக் கூடுதலாக ஒரு தோசை இறங்கும்.

அந்தத் தடவை அப்பா திரும்பி வரும்போது காற்று பலமாக இருந்தது. ஒருநாள் போன் பேசிய அக்கா வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்து, எண்களை அடிக்காமல் என்னவோ ஒரு சமன்பாட்டை அடித்தாள். அப்பாவின் கடைசிப் புள்ளியில் புறப்பட்டு, குமரிமுனையைச் சுற்றி, எங்கள் சிவப்புப் புள்ளியில் வந்து முடியும் அழகான வளைவு ஒன்று எழுந்தது. அதில் ஓரிடத்தைத் தொட்டாள். சின்னப் பெட்டியில் எண்கள் வந்தன.

"எழுபத்தஞ்சரை, ஆறு" என்று அடுப்படிக்குக் கேட்கச் சொன்னாள். "நல்லா வாராவம்மா."

அதன்பிறகு அவள் போனைத் தொட்டு நான் பார்க்கவில்லை. வளைவைத் தொடுவாள், எண் வரும், அம்மாவிடம் சொல்லிவிட்டு அங்கே ஒரு நீலப் புள்ளி வைப்பாள். படிப்பு ஏறிவிட்டால் போன்கூட வேண்டாம் போலிருக்கிறது என்று படிப்பின்மேல் முதன்முதலாக எனக்கு மரியாதை வந்தது. அப்பா மேலும்தான். மயிரிழை விலகாமல் கோட்டைப் பிடித்து வருகிறாரே!

"எங்கப்பா கோடு போட்ட மாதிரி வாராவ!" என்று தெருவெல்லாம் பீற்றித் திரிந்தேன். ஓசியில் உப்புக்கல்கூடத் தராத கடை அண்ணாச்சி, அதைக் கேட்டுவிட்டுக் கை நிறையக் கடலைமிட்டாய் அள்ளிக் கொடுத்தார்.

வீடு நெருங்க நெருங்கப் புள்ளிகள் நெருக்கியடித்து விழுந்தன.

"என்னக்கா, எறும்பு மாதிரி வாராவ?"

அடுப்படியிலிருந்து அம்மாதான் சொன்னாள், "மெதுவாவே வரட்டும்ளா."

அப்பா வந்தது கடல் வழியாக இல்லை. ஒரு மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினார், தாடியோடு, யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு. இன்ஜின் நின்று, வயர்லெஸ்ஸும் செத்து, தோணி மேற்கே அடித்துக்கொண்டு போனதாம். ஏதோ ஒரு கப்பல் இழுத்துவந்து கொல்லத்தில் விட்டதாம். அப்பாவின் கையைப் பிடித்த அம்மா அதை விடவே இல்லை. எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"யப்பா, இதுவரைக்கும் நல்லா வந்துட்டு, இதுக்கு மேல ஏன் நின்னு நின்னு வந்தீய?"

அப்பா திரையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

"அங்கன வந்ததும் களைச்சுப்போச்சுல" என்றார்.

என்னை மடியில் இருத்தி ஒவ்வொரு புள்ளியாகத் தொடச் சொன்னார். நான் தொட்டு எண்ணைப் படிக்கப் படிக்க, "அன்னிக்கு இங்கனயா நின்னேன்? சரி, அடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். தான் நின்ற இடம்கூடவா ஒரு மனுஷனுக்கு மறந்துபோகும் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. கடைசிப் புள்ளி முடிந்ததும், மறுபடி முதலிலிருந்து தொடச் சொன்னார்.