மகன் குடியேறிய கவுண்டி

துபாயின் கராமாவிலிருந்து காலையில் வேலைக்குப் போகும் பேருந்தில் அந்த மதுரைக்காரர் தினமும் என் பக்கத்தில் உட்கார்வார். தலைக்குச் சாயம், சட்டைக்குக் குலையாத இஸ்திரி. அமெரிக்காவில் மகன் வீடு வாங்கிய கவுண்டியை, அதாவது அந்த ஊர் மாவட்டத்தை, மனப்பாடமாக ஒப்பிப்பார். எல்லையில் ஓடும் ஆறு, வீடுகள் முளைக்கும்முன் இருந்த பால்பண்ணைகள், மக்கள்தொகையில் நம்மவர் எத்தனை சதவீதம் என எதையும் விடமாட்டார். நான் கண்ணயர்ந்தால் தட்டி எழுப்பிச் சொல்வார்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல், “நம்ம கராமால எத்தன பேரு சார் இருப்பாங்க?” என்றேன்.

“யாருக்குத் தெரியும்? இங்கயேவா இருக்கப் போறோம்?”

அவர் துபாய்க்கு வந்து இருபத்தாறு வருடம்.

“அப்ப அங்க எப்பப் போறீங்க?”

“பையன் இன்னும் கூப்பிடல.”

கேலியாகக் கேட்ட நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரே சொன்னார். “அங்க இப்ப நடுராத்திரி சார். தூங்கியிருப்பான்.”